மூக்கில் அடிக்கும் நலோக்சோன் கிட்: ஓர் இரவு செக்யூரிட்டியின் விமர்சனம்

இலவசமாகக் கிடைக்கும் பொருளுக்கு விமர்சனம் எதற்கு என்று கேட்பீர்கள். இலவசம் என்பதாலேயே இதை வாங்கி லாச்சிக்குள் போட்டுவிட்டு மறந்துபோனவர்கள் நிறையப் பேர். ஜிப்பைத் திறந்துகூடப் பார்க்காதவர்களையும் எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். பொருள்: கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துப் பார்மசிகளில் கொடுக்கும் நலோக்சோன் கிட், மூக்கில் அடிக்கும் வகை. ஹெரோயின் போன்ற போதைமருந்து அளவு மிஞ்சி மூச்சு நின்றுபோகிறவரை மீட்கும் மருந்து அது. டாக்டர் சீட்டு வேண்டாம், ஹெல்த் கார்டு வேண்டாம், ஒரு சதமும் வேண்டாம். ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். குறைத்த அந்த ஒன்றைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு கொண்டோ அடுக்குமாடிக் கட்டடத்தில் இரவு வேலை பார்க்கிறேன். லாபி மேசை, நிலத்துக்குக் கீழே இரண்டு தட்டு பார்க்கிங், படிக்கட்டுகள், குப்பை அறை எல்லாம் என் சுற்று. கோவிட் தொடங்கியதும் குடியிருப்பவர்கள் வெளியே வருவதை நிறுத்தினார்கள். ஆனால் படிக்கட்டுக்குள் வந்து ஒதுங்குகிறவர்கள் கூடினார்கள். கோப்பிக்கடை பூட்டு, நூலகம் பூட்டு, பொதுக் கழிப்பறை பூட்டு. வெளியே உறைகுளிர். சூடாக ஒரு படிக்கட்டு கிடைத்தால் யார்தான் விடுவார்கள்? மேலிடத்தின் உத்தரவு, பார்த்தால் கலைத்துவிடு என்பது. நான் எழுப்பிப் பார்ப்பேன். எழும்பினால், கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போ என்பேன். எழும்பாவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விதான் என்னைப் பார்மசிக்கு அனுப்பியது.

வாங்கப் போன அனுபவத்தைச் சொல்லாமல் விட முடியாது. முதலில் போனது நம்மவர்கள் அதிகம் போகும் ஒரு பார்மசி. பெயர் வேண்டாம். கவுண்டரில் நின்ற பிள்ளை நல்ல பிள்ளைதான், ஆனால் கேட்ட தொனி கடை முழுக்கக் கேட்டது. "அண்ணை, இது ஆருக்கு? வீட்டிலை ஆருக்கும் பிரச்சினையோ?" பின்னால் இரத்த அழுத்த மாத்திரைக்கு நின்ற இரண்டு அம்மாமாரும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். "வேலைக்குத் தங்கச்சி" என்றேன். ஸ்ரொக் இல்லை, நாளைக்கு வாங்கோ என்றாள். நான் நாளைக்குப் போகவில்லை. இரண்டு சந்தி தள்ளி இன்னொரு பார்மசியில் ஒரு கேள்வியும் இல்லாமல் எடுத்துத் தந்து, தனி அறைக்குள் கூட்டிப்போய் எப்படிப் பாவிப்பது என்றும் காட்டினார்கள். இந்தக் கிட்டுக்கும் நம்முடைய ஆட்களுக்கும் நடுவில் நிற்பது காசும் இல்லை, சட்டமும் இல்லை. அந்த அம்மாமாரின் பார்வைதான்.

சரி, உள்ளே என்ன இருக்கிறது? கையில் அடங்கும் ஜிப் பெட்டி. திறந்தால் தனித்தனியாக உறையிட்ட இரண்டு ஸ்ப்ரே, ஒவ்வொன்றிலும் 4 மில்லிகிராம் நலோக்சோன். ஒரு சோடி கையுறை. வாயோடு வாய் படாமல் மூச்சூத ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தடுப்பு. செய்முறை அட்டை. அவ்வளவுதான். ஸ்ப்ரே வடிவமைப்பு மிக நன்று: மூக்குக் குழாயின் இரு பக்கமும் இரண்டு விரல், அடியில் பெருவிரல், ஒரே அழுத்து. ஊசி இல்லை, சேர்த்துப் பூட்ட ஒன்றும் இல்லை. ஒரு விஷயம் மட்டும் நினைவில் வைக்க வேண்டும். சளிக்கு அடிக்கும் ஸ்ப்ரேயைப் போல முதலில் காற்றில் ஒருமுறை அடித்துச் சரிபார்க்கக் கூடாது. ஒன்றுக்குள் ஒரே ஒரு டோஸ்தான். காற்றில் அடித்தால் அது போனதுதான்.

மருந்து வேலை செய்யும் விதமும் எளிது. ஹெரோயின், ஃபென்டனில் போன்ற ஓபியாய்டுகள், அதாவது அபின் வகைப் போதைமருந்துகள், மூளையில் போய் ஒட்டும் அதே இடங்களில் நலோக்சோன் போய் அவற்றைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். நின்றுபோன மூச்சு திரும்பும். ஓபியாய்டு எடுக்காத ஒருவருக்குத் தவறுதலாக அடித்தாலும் கேடு இல்லை. 1961இல் காப்புரிமை பெற்ற பழைய மருந்து இது. உருவாக்கியவர்களில் ஒருவரான ஜாக் ஃபிஷ்மனின் வளர்ப்பு மகன் பல வருடங்களுக்குப் பின்னர் ஹெரோயினால்தான் இறந்தார். அந்தக் காலத்தில் இது ஆஸ்பத்திரியிலும் அம்புலன்சிலும் இருந்த மருந்து. இப்படி வீட்டுக்குக் கொண்டுபோகும் கிட்டாகக் கவுண்டரில் கிடைக்கவில்லை.

2021 குளிர்காலத்தில் ஒரு விடியப்புறம் பார்க்கிங்கின் கீழ்த்தட்டுப் படிக்கட்டில் ஒரு பெடியன் சுவரோடு சாய்ந்து கிடந்தான். நம்மவனா என்று கேட்பீர்கள், சொல்லப் போவதில்லை. குறட்டை போல ஒரு கரகரப்பு, பிறகு நீண்ட இடைவெளி, திரும்ப ஒரு கரகரப்பு. உதடு நீலமாக இருக்கும் என்று சொல்லித் தருகிறார்கள். நம் தோல் நிறத்தில் நீலத்தைத் தேடினால் கண்டுபிடிக்க மாட்டீர்கள். சாம்பல் பூத்த நிறம்தான் தெரியும். உதட்டின் உட்புறத்தையும் நகக்கண்ணையும் பாருங்கள். கூப்பிட்டேன், தோளை உலுக்கினேன், நெஞ்செலும்பில் விரல் முட்டிகளால் அழுத்தித் தேய்த்தேன். அசைவில்லை. அவசர உதவி எண்ணான 911ஐ அழைத்து போனை ஸ்பீக்கரில் வைத்துவிட்டு ஸ்ப்ரேயைப் பிரித்தேன். கையுறை என் கைக்குச் சின்னது, போட்டு இழுத்துக்கொண்டிருக்க நேரமில்லை, விட்டுவிட்டேன். தலையைப் பின்னால் சாய்த்து, மூக்குக்குள் ஒரே அழுத்து.

இரண்டு மூன்று நிமிடத்தில் வேலை செய்யும் என்று சொல்லியிருந்தார்கள். அந்த மூன்று நிமிடம் மிக நீளம். மூச்சு கொஞ்சம் கூடியது, ஆனால் போதவில்லை. இரண்டாவதை மற்ற மூக்குத்துவாரத்தில் அடித்தேன். மூச்சு ஒழுங்குக்கு வந்தது. முகத்தில் நிறம் வந்தது. கண் மட்டும் திறக்கவில்லை. நான் பயிற்சியில் பார்த்த வீடியோவில் ஆள் துள்ளி எழும்புவார். இவன் ஆழ்ந்த நித்திரையில் இருக்கிறவனைப் போலக் கிடந்தான். இன்னொரு கிட் கையில் இருந்திருந்தால் அதையும் அடித்திருப்பேன். போனில் இருந்த பெண், "மூச்சு விடுகிறாரா? அது போதும், பக்கவாட்டில் திருப்பிப் போடுங்கள்" என்றார். அம்புலன்ஸ்காரர்கள் வந்தார்கள். ஒருவர் அவன் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பென்சோவும் கலந்திருக்கும்" என்றார், மழை வரும் போலிருக்கிறது என்பதைப் போல. பிறகு அந்தப் பெடியனுக்கு என்ன ஆனது என்று எனக்குச் சொல்ல யாரும் கடமைப்பட்டவர்கள் இல்லை.

இங்கேதான் அந்த ஒரு புள்ளி போகிறது. நலோக்சோன் ஓபியாய்டுக்கு மட்டும். தெருவில் விற்பனையானதோ கோவிட் காலத்தில் வெறும் ஓபியாய்டாக இருக்கவில்லை. ஃபென்டனிலோடு எட்டிசோலாம் என்ற, பென்சோ வகை நித்திரைக் குளிசை மருந்தைக் கலந்து விற்றார்கள். பென்சோ டோப் என்பது அதன் தெருப்பெயர். இந்தியாவில் இருக்கும் உறவினர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமாக இருக்கலாம், ஏனென்றால் அங்கே எட்டிசோலாம் பதற்றத்துக்கும் நித்திரைக்கும் டாக்டர் எழுதிக் கொடுக்கும் மருந்து. கனடாவில் அது அங்கீகரிக்கப்பட்ட மருந்தே இல்லை. இங்கே தெருவில் வந்தது கள்ளத்தனமாகச் செய்த பொடி, எவ்வளவு கலந்திருக்கிறது என்று கலந்தவனுக்கே தெரியாது. அப்படிப்பட்ட ஒருவனுக்கு நலோக்சோன் அடித்தால் ஓபியாய்டு விலகும், மூச்சு திரும்பும், பென்சோவின் நித்திரை அப்படியே இருக்கும். எழும்பவில்லையே என்று திரும்பத் திரும்ப அடிப்பதால் பயன் இல்லை. பார்க்க வேண்டியது மூச்சை.

ஏன் அப்படிக் கலந்தார்கள் என்று பல விளக்கங்கள் உண்டு. 2020 மார்ச்சில் கனடா அமெரிக்க எல்லையை அத்தியாவசியம் அல்லாத பயணங்களுக்கு மூடினார்கள். ஆட்களும் சரக்கும் போய்வரும் வழிகள் குழம்பின. கிடைத்ததைக் கிடைத்ததோடு கலந்து நிரப்பினார்கள். ஃபென்டனில் மோர்ஃபினைவிட 50 முதல் 100 மடங்கு வீரியமானது, அதைச் சமையலறையில் வைத்துச் சமமாகக் கலக்க முடியாது. ஒரே பொட்டலத்தின் ஒரு மூலை ஒன்றும் செய்யாது, மறு மூலை ஆளைக் கொல்லும்.

ஒன்ராறியோவில் 2019இல் ஓபியாய்டு நஞ்சால் இறந்தவர்கள் 1,500 பேர் அளவில். 2020இல் அது 2,400ஐத் தாண்டியது. பிரிட்டிஷ் கொலம்பியா 2016 ஏப்ரலிலேயே இதைப் பொதுச் சுகாதார அவசரநிலையாக அறிவித்த மாகாணம். பாடுபட்டு 2019இல் சாவை ஆயிரத்துக்குக் கீழே கொண்டுவந்திருந்தார்கள். 2020இல் 1,700ஐத் தாண்டியது, 2021இல் 2,200ஐத் தாண்டியது. 2020இல் அந்த மாகாணத்தில் கோவிட்டால் இறந்தவர்களைவிட இப்படி இறந்தவர்கள் அதிகம். அமெரிக்காவில் எல்லாப் போதைப்பொருட்களும் சேர்த்து 2019இல் 70,630 சாவு, 2021இல் 1,06,699. அதில் மூன்றில் இரண்டு பங்கு ஃபென்டனில் போன்ற செயற்கை ஓபியாய்டுகள். அந்த நாட்களில் தினமும் மாலை தொலைக்காட்சியில் கோவிட் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போவேன். இந்தக் கணக்கை அப்படி யாரும் வாசித்துக் காட்டவில்லை.

கலப்படம் பாதிக் காரணம் என்றால், தனிமை மறு பாதி. நலோக்சோன் கிட்டைத் தனக்குத் தானே பாவிக்க முடியாது. விழுந்தவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் வேண்டும். கோவிட் விதிகள் பறித்ததோ அந்த இன்னொருவரைத்தான். கண்காணிப்போடு போதை எடுக்கும் நிலையங்களில் இடைவெளி விட வேண்டியிருந்ததால் ஒரு நேரத்தில் உள்ளே விடும் ஆட்களைக் குறைத்தார்கள். ரொறன்ரோவில் வீடற்றோர் தங்குமிடங்களின் நெரிசலைக் குறைக்க ஆட்களை ஹோட்டல் அறைகளுக்கு மாற்றினார்கள். கோவிட்டைப் பார்த்தால் சரியான முடிவு. ஆனால் கதவைப் பூட்டிய தனி அறைக்குள் ஒருவன் விழுந்தால் அலுமாரிக்குள் இருக்கும் கிட் என்ன செய்யும்? வீடு உள்ளவர்களுக்கும் இதே கதை. பேஸ்மென்ட் அறையில் தனியாக இருக்கும் பெடியன், மேலே பெற்றோர், 'படிக்கிறான், தொந்தரவு செய்யாதே'.

2020 டிசம்பரில் கனடாவில் ஒரு தொலைபேசிச் சேவை தொடங்கியது. தனியாக எடுக்கப் போகிறவர் முதலில் அழைத்து, தான் இருக்கும் இடத்தைச் சொல்லி, லைனிலேயே இருக்கலாம். பதில் நின்றுபோனால் அவர்கள் உதவிக்கு ஆள் அனுப்புவார்கள். கேட்டபோது முதலில் எனக்கே ஒருமாதிரியாக இருந்தது. போதை எடுக்கிறவனுக்கு ஒத்தாசையா என்று. படிக்கட்டில் மூன்று நிமிடம் முழங்காலில் இருந்தவனுக்கு அந்தக் கேள்வி பிறகு வருவதில்லை.

மூச்சூதும் பிளாஸ்டிக் தடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் கோவிட் காலத்தில் இணையவழியாக எடுத்த பயிற்சியில், மூச்சூதுவதை விட்டுவிட்டு நெஞ்சை மட்டும் அழுத்துங்கள் என்றார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் தடுப்பை வைத்துக்கொண்டு மூச்சூதுங்கள் என்றே தொடர்ந்து சொன்னார்கள். இரண்டாவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. இங்கே ஆளைக் கொல்வது ஒட்சிசன் இல்லாமை, நலோக்சோன் வேலை செய்யும் வரை அதைக் கொடுக்க வேறு வழி இல்லை. ஆனால் 2021இல், தடுப்பூசி போடாத, ஐம்பதைத் தாண்டிய, வீட்டில் நீரிழிவுக்காரியான மனைவி இருக்கிற ஒருவனிடம் அந்தக் கண்ணாடிக் கடதாசித் துண்டைக் கொடுத்து ஊது என்றால் அவன் தயங்குவான். தடுப்பு இன்னும் கொஞ்சம் தடிப்பாக, முகத்தில் பொருந்தி நிற்கும்படி இருந்தால் நன்றாக இருக்கும். கையுறையும் பெரிய அளவில் வேண்டும்.

வேறு என்ன வழிகள் உண்டு என்று கேட்பவர்களுக்கு: இதே நலோக்சோன் ஊசி வகையிலும் கிடைக்கிறது. தசையில் போட வேண்டும். பழகியவர்கள் அதை விரும்புகிறார்கள், அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம் என்பதால் ஆள் வாந்தியும் கோபமுமாய் எழும்புவது குறைவாம். என்னைப் போல நடுங்கும் கைகளுக்குச் சரிவராது. ஃபென்டனில் சோதனைப் பட்டை என்று ஒன்று உண்டு, கர்ப்பப் பரிசோதனைப் பட்டை மாதிரி. ஃபென்டனில் இருக்கிறதா இல்லையா என்று சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது, எட்டிசோலாமைக் கண்டுபிடிக்காது. ரொறன்ரோவில் 2019 அக்டோபரில் தொடங்கிய போதைப்பொருள் பரிசோதனைச் சேவை இதைவிட எவ்வளவோ மேல். துளியளவு மாதிரியைக் கொடுத்தால் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் பகுத்துப் பார்த்து, என்னென்ன கலந்திருக்கிறது என்று சொல்வார்கள். எட்டிசோலாம் பெருகுவதை இந்த நகரம் அறிந்தது பெரும்பாலும் அவர்கள் வெளியிட்ட முடிவுகளால்தான். ஆனால் அது எடுப்பதற்கு முன்னால் யோசிக்கிறவர்களுக்கு. படிக்கட்டில் கிடப்பவனுக்கு இந்த ஸ்ப்ரேதான்.

இதெல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளைகளின் பிரச்சினை, டவுன்டவுன் பிரச்சினை என்று சொல்கிறவர்களிடம் ஒன்றைக் கேட்கிறேன்: உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர் ரெனோவேஷன், கூரை, டிரைவால் வேலை செய்கிறார்கள்? 2017 ஜூலை முதல் 2020 கடைசி வரை ஒன்ராறியோவில் ஓபியாய்டால் இறந்தவர்களில் ஏறக்குறைய 13 பேருக்கு ஒருவர் கட்டுமானத் தொழில் செய்தவர். முதுகுவலிக்கு ஒரு குளிசை, அது தீர்ந்ததும் கூட வேலை செய்பவன் தரும் குளிசை, அது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. 2023 ஜூன் 1 முதல், வேலையிடத்தில் இந்த ஆபத்து இருக்கலாம் என்று தெரிந்த முதலாளிகள் நலோக்சோன் கிட் வைத்திருக்க வேண்டும் என்று ஒன்ராறியோவில் சட்டமே இருக்கிறது. உங்கள் தளத்தில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

911ஐ அழைத்தால் பொலிஸ் வருமே, பிள்ளையின் பெயர் கெடுமே என்ற பயமும் நம்மிடம் பெரிது. 2017 மே முதல் கனடாவில் நல்ல சமாரியர் சட்டம் இருக்கிறது. இப்படியான நேரத்தில் உதவிக்கு அழைத்தவர்மீதும் அங்கே இருப்பவர்கள்மீதும், சொந்தப் பாவனைக்கு வைத்திருந்ததற்காக வழக்குப் போட முடியாது. விற்றவனை அது காப்பாற்றாது, பழைய பிடியாணையையும் மறைக்காது. அழைக்காமல் இருக்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நலோக்சோன் 30 முதல் 90 நிமிடம்தான் நிற்கும். உள்ளே போன பொருள் அதைவிட நீண்ட நேரம் நிற்கலாம். எழும்பி உட்கார்ந்து, தண்ணீர் கேட்டு, எனக்கு ஒன்றுமில்லை என்று சொன்ன ஆள் ஒரு மணித்தியாலத்தில் திரும்ப விழலாம். தனியே விட்டுவிட்டுப் போகக் கூடாது.

இவ்வளவையும் கிட்டின் சிறிய அட்டையில் அடக்க முடியாது. நான் ஒரு தாளில் தமிழில் எழுதி மூடியின் உள்ளே ஒட்டியிருக்கிறேன்: 911, ஒரு மூக்கு, மூன்று நிமிடம், மற்ற மூக்கு, எழும்பாவிட்டாலும் மூச்சு இருந்தால் பக்கவாட்டில் படுக்க வை, போகாதே. என் மனைவி, தனக்கு அந்தத் தாள் போதும் என்கிறாள். காலாவதியான பழைய ஸ்ப்ரே ஒன்றை மகனிடம் கொடுத்து ஒரு தோடம்பழத்தில் அடித்துப் பார்க்கச் சொன்னேன். அழுத்தம் எவ்வளவு வேண்டும் என்று கைக்குத் தெரிந்துவிடும். அவன் சிரித்தான், ஆனால் செய்தான்.

வைக்கும் இடமும் முக்கியம். காருக்குள் வைக்கிறவர்கள் இங்கே நிறையப் பேர். ரொறன்ரோ குளிரில் அது உறைந்தால் அந்த நேரத்தில் ஸ்ப்ரே வராது, கோடையில் பூட்டிய கார் அதற்கு அளவுக்கு மேல் சூடு. ஜாக்கெட்டின் உள் பையில் வையுங்கள், அல்லது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த அலுமாரியில். உறையில் காலாவதித் திகதி இருக்கிறது, அதைப் போனில் நினைவூட்டலாகப் போட்டுவிடுங்கள்.

வாங்கப் போகும்போது "நேசல் நலோக்சோன் கிட்" என்று கேளுங்கள். இல்லாவிட்டால் ஊசி வகையைத் தந்துவிடக்கூடும். யாருக்கு என்று கேட்டால், வேலைக்கு என்று சொல்லலாம், கோயில் மண்டபத்துக்கு என்றும் சொல்லலாம். ஸ்ரொக் இல்லை என்றால் அடுத்த பார்மசிக்குப் போங்கள், நான் போனது இரண்டு சந்தி தூரம்தான்.